சங்கிலி கிடந்த இடம்

வியாழன் இரவு, கோல சிலாங்கூர், மலேசியா.

மத்தியானம் அம்மாவின் சங்கிலியை அறுத்தவன், அப்பா கத்தியதும் அதை எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான். அப்பா விடவில்லை. தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை தூக்கும் இரும்புக் கம்பியோடு கால்வாய்வரை துரத்திப் போய் அவன் தலையில் அடித்தார்.

போலீஸ்காரரிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன். "சங்கிலிய போட்டுட்டான் சார். அப்பவும் அப்பா விடலயே!"

"எங்க போட்டான்மா?"

வாசலைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்.

இப்போது கைப்பேசியில் சட்டத்தைத் தேடி மூன்று தடவை படித்தேன். பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால், அதைக் காப்பாற்ற அடிக்கும் உரிமையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அப்பாவை ஸ்டேஷனிலிருந்து இன்னும் விடவில்லை.

அம்மா கதவருகில் வந்து கேட்டார். "நீ என்னடி சொன்ன அந்தப் போலீஸ்காரருகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.