செல்விக்குச் சொல்லாமல் விட்டது

2006 ஜூன் 3, சனி

காலையிலிருந்து சாரல், காற்று. கரண்ட் பதினொரு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத்தான் வந்தது.

உத்தமபாளையம் ஆபீசில் ஒரு வீட்டு பிளான். மேற்கே வேப்பமரம். அதை விட்டு அறைகளைத் தள்ளி வரைந்திருந்தேன், சுவரில் வெயில் நேராக அடிக்காது. இன்ஜினியர் பார்த்தார். "மரத்துக்கா வீடு கட்டுறாக? எடுத்துரும்மா, கார் நிக்கணும்." எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒரே நொடி வேலை.

வாங்க: அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து, சீயக்காய், பேனா ரீஃபில்.

ஜூன் 4, ஞாயிறு

சுருளிப்பட்டியிலிருந்து அழகர் மாமா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட மகள் செல்வி. பிளஸ் டூ முடித்தவள். வடக்கே ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் வடிவமைப்புப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நான் படித்த அதே படிப்பு. எங்கள் சொந்தத்தில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் என்னிடம் கேட்க வந்திருக்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும்.

"வீட்ட வச்சுத்தான் கடன் வாங்கணும் ஆத்தா. படிச்சா வேல இருக்கா இல்லையா, நீ சொன்னாச் சரி" என்றார் மாமா.

சொன்னேன். ஃபீஸ், விடுதி, ரயில். முன்கூட்டி யாரும் சொல்லாத செலவுகள்: மாடல் செய்ய அட்டை, பசை, கலர் பிரிண்ட், கடைசியில் ஒரு கம்ப்யூட்டர். வேலை பெரிய ஊர்களில் மட்டும். இங்கே ஒரு மேஸ்திரியே போதும் என்கிறார்கள். நான் இப்போது பார்க்கும் வேலைக்கு ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் போதும் என்றும் சொன்னேன்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செல்வி எதுவும் கேட்கவில்லை. மாமா முகம் பெரிய பாரத்தை இறக்கி வைத்தாற்போல ஆனது. காபி குடித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார்கள்.

ஜூன் 7, புதன்

வேலை ஓடவில்லை.

பெங்களூரில் ஒன்றரை வருடம் நல்ல வேலையில் இருந்ததை ஏன் சொல்லவில்லை? அம்மா நோயில் படுத்ததும் நானாகத்தான் விட்டு வந்தேன். அம்மா போனபின் திரும்பிப் போகாததும் நான்தான். படிப்பு என்ன செய்தது, பாவம்.

இரண்டாம் வருடம் எங்களை ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். மழைத் தண்ணீர் தெருவில் தேங்கி வீடுகளுக்குள் போகும் ஊர். ஒரு வாரம் டேப்பும் கையுமாக மேடு பள்ளம் அளந்தோம். நான் வரைந்தபடியே வாய்க்கால் வெட்டினார்கள். முதல் மழைக்குப் போய் நின்றேன். தண்ணீர் நான் கோடு போட்ட இடத்தில் திரும்பி, கண்மாய்க்குப் போனது. நனைந்துகொண்டே அழுதேன்.

இதையும் சொல்லவில்லை. சனிக்கிழமை மரத்தை எடுக்க வைத்த கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, வெள்ளி

காற்று. ஆபீஸ் போனில் மாமா வீட்டு நம்பரைச் சுற்றினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். கடன் வாங்கிப் படித்துவிட்டு அவளும் என்னைப் போல வந்து உட்கார்ந்தால்? அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? நாளை பத்து.

ஜூன் 11, ஞாயிறு

அப்பா சாப்பிடும்போது, செல்வி படிக்கப் போகிறாளா என்று கேட்டார். இருக்காது, நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். காரணம் கேட்டார். செலவுக்கு ஏற்ற வரும்படி இல்லை என்றேன்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு இருந்த திராட்சைத் தோட்டத்தை என் படிப்புக்காகத்தான் விற்றார். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசியதில்லை.

"அப்ப நான் தோட்டத்த வித்தது தப்புங்கிறியா ஆத்தா?"

நான் வாயைத் திறக்கும் முன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு அப்படியே.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி சுருளிப்பட்டி. நல்ல வெயில். மாமா டூட்டியில். அத்தை திராட்சை வெட்டப் போயிருந்தார். செல்வி மட்டும். டீ போட்டுக் கொடுத்தாள்.

பணம் கட்டவில்லை. இடம் போய்விட்டது. கம்பத்தில் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்துவிட்டாள். புது பஸ் பாஸைக் காட்டினாள். போட்டோவில் சிரிக்காமல் இருந்தாள்.

சொல்ல வந்ததையெல்லாம் எப்படித் தொடங்குவது என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா இருந்தாகன்னு கேக்கல. படிச்ச அந்த நாலு வருசமும் எப்படிக்கா இருந்துச்சு?"

மழையில் தண்ணீர் திரும்பியது வாய்வரை வந்துவிட்டது.

"பெருசா ஒண்ணுமில்ல செல்வி. அலைச்சல்தான்."

"அப்பச் சரிக்கா" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள்.

மூன்றரை பஸ். உட்கார இடம் இல்லை.