எட்டு பத்துக்கு வந்த போன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மா நலமாகிக்கொண்டு வருகிறாள், நீயும் மாப்பிள்ளையும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூச்சப்பட்டதை எழுதிவிடுகிறேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் உன்னைக் கூப்பிட்டு, அம்மா கடைசியாக எத்தனை மணிக்குத் தெளிவாகப் பேசினார் என்று கேட்டாளே, கூடவே இருக்கிற என்னை விட்டுவிட்டு உன்னை ஏன் கேட்கிறாள் என்று யோசித்திருப்பாய். நாங்கள் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். சமையலறைக் குழாயை நானே சரி செய்கிறேன் என்று அடம்பிடித்து, சொட்டிக்கொண்டிருந்ததை ஒழுகவைத்தேன், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வீம்பில் நான் மட்டும் குறைந்தவனா? காலை ஒன்பதரைக்கு டம்ளர் விழுந்த சத்தம் கேட்டும், கோபத்தில் போடுகிறாள் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் போனால் தரையில் கிடக்கிறாள், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கை எழும்பவில்லை.

ஆம்புலன்சில் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான், கரைக்க ஊசி இருக்கு, ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், கடைசியா எப்ப நல்லா பேசினாங்க?" என்றார். மூணு நாள் முன்னாடி என்றேன். நிமிர்ந்து பார்த்தார். காலையில பார்த்தீங்களா என்றார், பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். டம்ளர் சத்தமெல்லாம் கணக்கில் சேராதாம். நேரம் தெரியாமல் ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் எட்டு மணிக்கு மேல் அவள் போன் அடித்தது ஞாபகம் வந்தது, நீயாகத்தான் இருக்கும் என்று உன் நம்பரைக் கொடுத்தேன். நீ சொன்னதை நர்ஸ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே எழுதினாள்: "எட்டு பத்துக்குப் பேசியிருக்காங்க, தெளிவா இருந்திருக்காங்க, இருபது நிமிஷம் வீட்டுக்காரரத் திட்டியிருக்காங்க." பதினோரு மணிக்கு ஊசி ஏறியது.

மறுநாள் காலை, குழறலாகத்தான், "ப்ளம்பரக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கை இன்னும் சோர்வுதான், பந்தை அமுக்கப் பழக்குகிறார்கள், பேச்சுக்குக் குறைவில்லை. ப்ளம்பர் வந்து போய்விட்டார்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் பார்த்துக்கொள். மாப்பிள்ளையோடு சண்டை போட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பேசிக்கொண்டே போடு.

ஆசிகளுடன்,
அப்பா