வேப்பிலை கட்டிய வாசல்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்.
மார்ச் 2005, செவ்வாய் இரவு.

அன்புள்ள மித்ராவுக்கு சுனிதா எழுதுவது.

இதை யாரிடமும் காட்டாதே. உங்கம்மாவிடமும் வேண்டாம், உங்கப்பாவிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கிழித்துக் குப்பையில் போடாதே. ஏழாம் வகுப்பில் தமிழ் டீச்சர் கிழித்துப் போட்ட கடிதத்தை நாமே பசை வைத்து ஒட்டிப் படித்தோமே, அதுபோல யாராவது செய்வார்கள்.

நீ நலமா? பிரேசர் டவுன் பள்ளியில் பரீட்சை தொடங்கிவிட்டதா? இங்கே நேற்று கணக்குப் பரீட்சை. நான் போகவில்லை. அம்மை போட்ட வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரக்கூடாது என்று டீச்சரே சொல்லி அனுப்பிவிட்டார். மங்களம் அத்தையும் என்னைத் தெரு முனைக்குக்கூட அனுப்புவதில்லை. விடியற்காலையில் உங்கள் பக்கத்து பேக்கரியிலிருந்து எங்கள் தெருக் கடைக்குப் பன் போட வரும் பெர்னார்ட் அண்ணனிடம் வாசலில் நின்றபடியே இதைக் கொடுக்கப் போகிறேன். நீ வீடு மாறிப் போனதிலிருந்து நம் சீட்டுகளை எல்லாம் அவர்தானே கொண்டுவருகிறார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜீரோ வாட் பல்புதான். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

எங்கள் வாசலை நீ இப்போது பார்த்தால் கோயில் என்று நினைப்பாய். நிலைப்படி முழுக்க வேப்பிலை. அத்தை வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறாள். வீட்டில் தாளிப்பதில்லை, யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. அம்மாவுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு முனியப்பன் மாமா தினமும் இளநீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார். போன தீபாவளிக்கு அம்மா கொடுத்த காபியை வாங்கி, அம்மா திரும்பியதும் சாக்கடையில் ஊற்றினார் என்று உனக்குச் சொன்னேனே, அதே முனியப்பன் மாமாதான். அப்பா செத்த பிறகு அம்மாவைப் பார்த்து யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கார்மென்ட்ஸில் அவளோடு வேலை பார்த்தவர்கள்கூட அவள் இளைத்த பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் வாசலில் நின்று, "எறங்கிப் போம்மா, மனசு வெச்சுக் கொழந்தயக் காப்பாத்தும்மா" என்று அம்மாவிடமே வேண்டிக்கொள்கிறார்கள். அம்மாவைத்தான் ஆத்தா என்கிறார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது, மித்ரா. முதல் இரண்டு நாள் மிகவும் பிடித்திருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு வந்திருப்பது அம்மை இல்லை.

அப்பா டி.பி.யில் போனார் என்று உன்னிடம் சொன்னேன். டி.பி. இருந்தது உண்மைதான். ஆனால் அது வந்ததற்குக் காரணம் வேறு. அது அம்மாவுக்கும் இருக்கிறது. எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை. அதன் பெயரை எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. எட்டாம் வகுப்பில் நாம் நாடகம் போட்டோமே, அதில் நீ கறுப்புத் துணி போர்த்தி மண்டை ஓட்டு முகமூடி மாட்டிக்கொண்டு வந்தாயே, அது. நீ மேடையில் கையை நீட்டி வந்தபோது எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். எச்.ஐ.வி. எழுதிவிட்டேன். இனி நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் கடிதத்தைக் கடைசி வரை படி.

இப்போது பெரியாஸ்பத்திரியில் அதற்கு இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். போன மாதம் அம்மாவுக்குத் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் நம்பர் அறை. மாத்திரை கொடுப்பதற்கு முன் வித்யாலட்சுமி மேடம் என்று ஒருவர் உட்காரவைத்துப் பேசுவார். அம்மா படிக்காதவள் என்பதால் என்னையும் கூட உட்காரச் சொன்னார். எனக்கு நாற்காலியில் முள் இருப்பதுபோல இருந்தது. கதவு சரியாக மூடவில்லை, யாராவது பார்ப்பார்களோ என்று அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. மேடம் தன் விரலால் முதலில் நெற்றியைத் தொட்டார், பிறகு கண்ணை, பிறகு உதட்டை. "இதுல ஒரு மாத்திரை சிலருக்கு ஒத்துக்காது. ஒடம்புல சும்மா அரிப்பு, செவப்பு இருந்தா பயப்படாதீங்க, நீங்களா நிறுத்தவும் வேணாம், அன்னிக்கே இங்க வந்து காட்டுங்க. ஆனா அதோட காய்ச்சல் வந்தா, கண்ணு செவந்தா, வாய் புண்ணானா, தோல் கொப்புளிச்சா, அடுத்த மாத்திரைய வாயில போடறதுக்கு முன்னாடி இங்க இருக்கணும். ராத்திரின்னா ராத்திரி. கேஷுவால்ட்டில இந்தப் பச்சை அட்டையக் காட்டுங்க" என்றார். புரிந்ததா என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

முதல் இரண்டு வாரம் அந்த மாத்திரை ஒரு வேளைதான். உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் இரண்டு வேளை. இரண்டாவது தடவை போவதற்கு முந்தைய நாளே அம்மாவுக்குக் கையிலும் மார்பிலும் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக வந்திருந்தது. சொறிந்துகொண்டே இருந்தாள். அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கும் அப்படி இருந்தது. அவளை எதிர் அறையில் இருந்த தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே இருந்த ஆள் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பன்னெண்டாம் நம்பர் ரூம் பேஷண்ட் யாரும்மா, எந்திரிச்சு வா" என்று கத்தினான். பன்னிரண்டு என்றால் என்ன என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள்.

வித்யாலட்சுமி மேடம் அம்மாவிடம், "அரிப்பு, தடிப்பு எதுவும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "இல்ல மேடம், ஒண்ணும் இல்ல" என்றேன். அம்மா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் என்னால் வெட்கம் வந்துவிட்டது. மேடம் நம்பிவிட்டார். மாத்திரையை இரண்டு வேளையாக்கிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது. அத்தை அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சரசுக்கு மேலெல்லாம் இப்பிடி செவந்து கெடக்குது?" என்று என்னைக் கேட்டாள். கோடைக்காலம், தெருவில் இரண்டு வீட்டில் ஏற்கெனவே வேப்பிலை கட்டியிருந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது, மித்ரா. "அம்மை மாதிரி கீது அத்தை" என்றேன். அத்தை உடனே கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சரி என்றாளா, வேண்டாம் என்றாளா, இன்றுவரை தெரியவில்லை.

அத்தை கெட்டவள் இல்லை. இதை நீ நம்பவேண்டும். அப்பா போன பிறகு எங்களை வீட்டில் சேர்த்துக்கொண்டவள் அவள்தான். இப்போதும் அம்மாவுக்கு வேப்பிலையால் விசிறி விசிறி அவள் கை வீங்கிவிட்டது. ஆனால் நேற்று நான் மெதுவாக ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் பார்த்ததே இல்லை. "ஆத்தா வூட்டுக்கு வந்திருக்கசொல்ல ஊசி போட இட்டுனு போவியா? ஒங்கப்பன் போனது போதாதா? இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு எடுத்தே, நாக்குல சூடு வெப்பேன்" என்றாள். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் வெளியே போகக்கூடாதாம். மூன்றாம் தண்ணீருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

இன்று காலையிலிருந்து அம்மாவால் பேச முடியவில்லை. வாய்க்குள் எல்லாம் வெந்துபோன மாதிரி இருக்கிறது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருக்கிறது. கண் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை, நான் தண்ணீரால் துடைத்துத் திறந்துவிட்டேன், உள்ளே மிளகாய் போட்ட மாதிரி சிவப்பு. முதுகில் சுடுதண்ணீர் கொட்டியதுபோலத் தோல் எழும்பி நிற்கிறது. ஏதாவது வேண்டும் என்றால் டம்ளரால் தரையில் தட்டுகிறாள். நெற்றி, கண், உதடு. மேடம் தொட்டுக் காட்டிய மூன்றும் வந்துவிட்டன. அத்தை இதைப் பார்த்து ஆத்தா முத்திவிட்டாள் என்று அழுகிறாள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மா இத்தனைக்கும் நடுவில் மாத்திரையை விடவே இல்லை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, தவறினால் மருந்து வேலை செய்யாது என்று மேடம் முதல் நாள் சொன்னது அவள் மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. தையல் மெஷின் இழுப்பறையில் பட்டன் டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, அத்தை தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்கிறாள். எனக்காகப் பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் போட்டுக்கொள்கிறாள். அதுதான் அவளைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் அந்த டப்பாவை நான் எடுத்துவிட்டேன். இப்போது என் மடியில் இருக்கிறது. அடுத்த மாத்திரைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கணும் என்றுதானே மேடம் சொன்னார்? ஆஸ்பத்திரிக்கும் போகாமல், மாத்திரையும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நான் செய்வது சரியா தப்பா என்று கேட்க இந்தத் தெருவில் எனக்கு ஒரு ஆளும் இல்லை. முக்கு எஸ்.டி.டி. கடையிலிருந்து மேடத்துக்கு போன் செய்யலாம் என்றால், அந்தக் கடை முனியப்பன் மாமாவின் தம்பியுடையது.

உனக்கு அம்மை போட்டபோது நடந்தது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவதோடு சரி, வேப்பிலை எல்லாம் கட்டவில்லை. உங்கப்பா உன்னைப் போர்வையில் சுற்றித் தன் ஆட்டோவில் உட்காரவைத்து கிளினிக்குக் கூட்டிப்போனார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் அத்தைதான் ஆட்டோவை மறித்து, "அசோகா, ஆத்தா கோவிச்சுக்குவாடா" என்று கத்தினாள். உங்கப்பா சிரித்துக்கொண்டே, "ஊர்ல இவ்ளோ பேர் இவ்ளோ தப்பு பண்றாங்க, அவங்க மேலெல்லாம் கோவிச்சுக்காம எம் பொண்ணு டாக்டர் கிட்ட போனா மட்டுமா கோவிச்சுக்குவா? வழி வுடுக்கா" என்றார். அன்றைக்கு நானும் தெருவோடு சேர்ந்து உங்களைப் பற்றித் தப்பாகத்தான் பேசினேன். அதையும் மன்னித்துவிடு.

இந்தத் தெருவில் வேப்பிலை கட்டிய வாசலை யாரும் தாண்ட மாட்டார்கள். உங்கப்பா தாண்டுவார்.

அதனால் மேலே எழுதியதை அடித்துவிடு, மித்ரா. யாரிடமும் காட்டாதே என்று எழுதியதை. உங்கப்பாவிடம் காட்டு. உங்கம்மாவுக்கும் தெரிந்தால் தெரியட்டும். பெர்னார்ட் அண்ணன் கடிதத்தைக் கொடுத்ததும், உங்கப்பா முதல் சவாரிக்குக் கிளம்புவதற்குள் அவரை எழுப்பிக் காட்டு. ஆட்டோவை வாசல் வரை கொண்டுவரச் சொல். பின் சீட்டில் பழைய புடவையாவது விரித்துவைக்கச் சொல், அம்மாவின் முதுகு தாங்காது. பச்சை அட்டையை நான் பாவாடையில் முடிந்துவைத்திருப்பேன். அவர் அம்மாவைத் தொட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது, மேடம் சொன்னார், நான் தினமும் தொடுகிறேன்.

அத்தை கட்டாயம் மறிப்பாள். அப்போது உங்கப்பா ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். தெரு முழுக்க நின்றாலும் சொல்கிறேன், அம்மை என்று சொன்னது நான்தான், அது பொய் என்று. பிறகு அத்தை எங்களை வீட்டில் வைத்துக்கொள்வாளா தெரியவில்லை. இளநீர் இனி வராது, அது தெரியும். அம்மாவுக்கு மறுபடி பேச வந்தால் போதும். என்னைத் திட்டவாவது அவளுக்கு வாய் திறக்கட்டும்.

நீயும் கூட வருவாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. வந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை என்றால் பெயரைச் சொல்லிக் கத்துவாள். இது டம்ளர் சத்தம். அம்மாதான், கண் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். மாத்திரை கேட்கத்தான் வந்திருக்கிறாள். மறுபடி தட்டுகிறாள். மித்ரா, உங்கப்பாவை சீக்கிரம்