இடது பாதம்

மார்ச் 11, 2025
இரண்டு கோடு! வீட்டுக்காரர் கதிர்வேலிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அங்கன்வாடியில் பதினொரு குழந்தைகளை எடை போட்டேன். பன்னிரண்டாவது குழந்தை டீச்சர் வயிற்றிலேயே இருப்பது யாருக்கும் தெரியாது. சிரிப்பை அடக்கு பிரபாவதி, மூன்று மாதம் போகட்டும்.

மார்ச் 14
தம்பி யுவராஜ் போய்விட்டான். மிளகு பறிக்க ஏறியவன், ஏணியோடு சாய்ந்து — முடியவில்லை.

மார்ச் 16
வயிற்றில் பிள்ளை உள்ளவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் மலையில் ஊர்க்கட்டு. பார்த்தால் பிள்ளை குறையோடு பிறக்குமாம். சொல்லியிருந்தால் புகுந்த ஊரான ஆலத்தூர் நாட்டை விட்டு என்னை நகர விட்டிருக்க மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை. மலையின் இன்னொரு பக்கம், எடப்புளி நாட்டில் என் பிறந்த வீட்டுக்குப் போய், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். செய்தது சரியா? தெரியலையே.

மார்ச் 29
சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. மாசமானவள் மனதைக் கலங்க விடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான்தான்.

ஏப்ரல் 27
வீட்டில் சொன்னேன். கதிர்வேல் வாயெல்லாம் பல். பிறகு நாள் கணக்குப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. “அப்ப யுவராஜ் சாவுக்குப் போனப்பவேவா?” தலையை ஆட்டினேன். மாமியார் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும். இன்று ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 16
நாமக்கல்லில் ஸ்கேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி முடிப்பதற்குள் இரண்டு முறை வாந்தி.

திரையில் முதுகெலும்பு தெரிந்தது, மிளகுச் சரம் மாதிரி மணி மணியாக. இதயத்தில் நான்கு அறையாம், நான்கும் சரியாக இருக்கிறதாம். நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன், அது பாட்டுக்குத் தன்னை விரல் விரலாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது.

அப்புறம் டாக்டரம்மா கை ஓரிடத்தில் நின்றது. இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறதாம். பிறந்ததும் வாராவாரம் மாவுக்கட்டு போட்டால் பெரும்பாலும் நேராகிவிடும் என்றார்.

“நான் அழுததுனாலயாங்க?”

டாக்டரம்மா ஸ்கேன் கருவியைக் கீழே வைத்தார். “பெரிய துக்கம் சில குறைகளுக்கு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுதும்மா. ஆனா இந்தப் பாதத்துக்கு அதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது.”

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத புண்ணியவதி.

ஜூன் 17
அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று அடக்கினேன். அடக்கினால் அதுவும் ஆகாதோ? ஐயோ, நான் என்னதான் பண்றது?

ஆகஸ்ட் 2
நல்ல உதை. இடது காலா, வலது காலா? எதுவானாலும் உதை சாமி.

நவம்பர் 3
பெண். இரண்டு கிலோ எண்ணூறு. இத்தனை குழந்தைகளை எடை போட்ட கை, இவளை வாங்கியதும் தானாகவே ஒரு முறை தூக்கி எடை பார்த்தது. கண் இமையில் முடிகூட ஒவ்வொன்றாக நட்டுவைத்ததுபோல் இருக்கிறது. இடது உள்ளங்கால் வலது காலைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தக் காலுக்கும் ஐந்து விரல், ஐந்து நகம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 9
பக்கத்து வீட்டு அம்சவேணி பார்க்க வந்தாள். காலைப் பார்த்ததும், “சாவு பார்த்த வயிறு, பின்ன எப்படி இருக்கும்?” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

“இந்தா அம்சவேணி, அவ மாசமா இருக்கறது தெரிஞ்சேதான் நான் அனுப்புனேன். கேக்கறதுன்னா என்னையக் கேளு.”

அவள் போன பிறகு, “எனக்காக எதுக்குங்க அத்தை பொய்?” என்றேன்.

“பொய்யில்ல கண்ணு. சாவுக்குக் கெளம்புன அன்னைக்கு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால நீ வாந்தி எடுத்தியே, பாத்தேன். நான் வாயத் தொறந்திருந்தா உன்னைய நிறுத்தியிருப்பாங்க. கூடப் பொறந்தவன் மொகத்தக் கடேசியா ஒருக்காப் பாக்காம எப்படி இருப்ப?” அத்தை பிள்ளையின் இடது காலைத் துணியால் மூடினார். “கம்முனு இருந்துட்டமே, பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருமோன்னு எட்டு மாசமா இந்த ஊட்டுல நானுந்தான் செத்துச் செத்துப் பொழச்சேன்.”

ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பயந்திருக்கிறோம். இரண்டு பேரும் குழந்தைக்கு முன்னாலேயே வாய்விட்டு அழுதோம். அவள் தூக்கம் கலையவே இல்லை.

நவம்பர் 17
நாமக்கல்லில் முதல் மாவுக்கட்டு. அவள் கத்திய கத்தல் சேந்தமங்கலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

டிசம்பர் 1
இரண்டாவது கட்டைப் பிரித்தார்கள். பாதம் பாதி வழி திரும்பிவிட்டது! எலும்பு இத்தனை இளசாகவா இருக்கும்? டாக்டர் இரண்டு விரலால் மெல்லத் தள்ளுகிறார், அது சொன்ன பேச்சு கேட்கிறது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரையா பாதத்தையா என்று தெரியவில்லை.

மூன்றாவது கட்டு போட்டு முடித்ததும், “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார் டாக்டர். அந்தப் பழைய கேள்வியைக் கேட்பேனோ என்று அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

“அடுத்த கட்டு என்னைக்குங்க?” என்று கேட்டேன்.