தொட்டியின் அடியில் மஞ்சள் வாத்து

டாரன்வேல்,
14 மார்ச் 2007

அன்புள்ள கோரல் அக்காவுக்கு,

தங்கை நோலீன் எழுதுவது. ஹோபார்ட்டில் ஓயாத மழை என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடு. இங்கே பத்து மாதமாக மண் நனையவில்லை. ஆட்டுக்குத் தீவனம் வாங்கித்தான் போடுகிறோம். வீட்டுக்காரர் ட்ரெவருக்கு முதுகுவலி. ஆனால் அவர் மருத்துவரிடம் கூட்டிப்போனது நாயைத்தான்.

மன்றத்துத் தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கத்துப் பண்ணை நீல் போன குளிர்காலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் அல்லவா. முந்தின நாள் கடைவாசலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவள் நான். "ஏதோ ஓடுது" என்றார். நானும் சரி என்று பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்குப் பிறந்ததுதான் இந்த யோசனை. ஊர் மன்றத்தின் பழைய தகரத் தண்ணீர்த் தொட்டிக்கு எல்லோரும் சேர்ந்து வர்ணம் அடித்தோம். அடியில் வறண்ட பழுப்பு, மேலே போகப் போக நீலம். ஆளுக்கொரு தகர மூடியில் படம் வரைந்து, பின்னால் காந்தம் ஒட்டி, எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். எது யாரிடம் என்று தெரியாது. மனத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அந்த மட்டத்தில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, மூடியை ஒட்டிவிட்டுப் போகவேண்டும்.

நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. அத்தனை மூடியும் முக்கால் மட்டத்தில் வரிசை கட்டி நின்றன. நிறைய என்றால் பெருமையடிப்பு, குறைய என்றால் புலம்பல். மாவட்டத்திலிருந்து வந்த செவிலி, ஊரே நன்றாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டு போனாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வியாழன் காலை ஒரு மூடி மட்டும் அடியில், பழுப்பில் இருந்தது. மஞ்சள் வாத்து.

ஊர் ஆடிப்போய்விட்டது, அக்கா. யார் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு வெண்டி இரண்டு கேக்கோடு வந்து, "நீதானே ஆரம்பிச்சே, நீ கூட இருந்தாத்தான் வாயத் திறப்பாங்க" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். மூன்று நாள், ஒன்பது வீடு. மனைவி போய்த் தனியாக இருக்கும் கிளாரி மேல்தான் அவளுக்குச் சந்தேகம். வாத்தை வரைந்தவரே அவர்தான்.

"வரைஞ்சது நான். எனக்கு வந்தது நீ வரைஞ்ச கோணல் கெண்டி. முக்கால்லதான் இருக்கு, போய்ப் பாரு" என்று அவளை வாரினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏம்மா இப்படி இளைச்சுட்டே?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் வெண்டி, "ஊருக்காக ஓடுறா, இளைக்காம என்ன செய்வா?" என்று முந்திக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

அன்று சாப்பிடும்போது ட்ரெவர், "யாரா இருந்தாலும் விட்டுடக் கூடாது, நோலி" என்றார். நான் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அக்கா, அந்த வாத்து என்னுடையது.

காலையில் எழுந்து செருப்பு மாட்டவே அரைமணி ஆகிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்; தண்ணீர் வீணாகிறதே என்று அதை மூடியும் விடுகிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரும் சிரிக்கமாட்டார்கள், கேக் கொண்டுவருவார்கள். அதைத்தான் தாங்கமுடியாது. ட்ரெவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கொட்டகைக்குப் போனேன். இரண்டு முறையும் ஆட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். களைத்துவிட்டேன் அக்கா, அவ்வளவுதான்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள். மழையில் வெளியே அலையாதே.

இது கைக்கு வந்ததும் போன் செய். நான் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பேன். நம்பாதே. போனை ட்ரெவரிடம் கொடுக்கச் சொல்.

உன் தங்கை,
நோலீன்