எடுக்கலாமா, மேடம்?

ஜூன் 9

கிளட்சைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் உதிரப்போக்கு, சீட்டில் ஈரம். பயிற்சி வண்டியில் நான் உட்காரும் சீட்டுக்குக் கருஞ்சிவப்பு உறை மாட்டி ஒரு வருஷமாகிறது. "கலர் நல்லா இருக்கு மேடம், எங்க வாங்கினீங்க?" என்று கேட்ட மாணவிகளும் உண்டு. ரசனைன்னு நினைச்சிட்டாங்க, பாவம்.

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. கட்டி பெரிசு. மாத்திரைக்கெல்லாம் மசியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதுதான்.

அப்பாடா, எழுதிவிட்டேன். வாயால் சொல்லத்தான் இந்த வீட்டில் ஆள் இல்லை.

ஜூன் 10

இவரிடம் சொன்னேன். இவருக்கு நூலகத்தில் வேலை. "சத்தம் போடாதீங்க" என்பதையே சத்தம் போடாமல் சொல்லிச் சொல்லி, தொண்டை சின்னதாகிப் போன மனிதர். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு கேட்டார்:

"அப்போ... அதை எடுத்துடறாங்களா?"

"எதைங்க?"

"அதான்... அது."

ரெண்டு பிள்ளைங்க அதுக்குள்ள குடியிருந்திருக்காங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதுக்கு ஒரு பேர் கிடையாது, "அது"! பிள்ளைகள் இரண்டும் இப்போது வெளியூரில். விஷயத்தைச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு இதயம் அனுப்பியிருக்கிறார்கள். நான் சொன்ன உறுப்பு வேற.

ஜூன் 13

நாத்தனார் போன் செய்தார். இவருடைய அக்கா. அவரிடம் சொன்னால் போதும், தனியாக அறிவிப்புப் பலகை தேவையில்லை.

"எதை எடுக்கறாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் எல்லாருக்கும் குடலிறக்கம்னு சொல்லிட்டேன்."

"எனக்கு குடலிறக்கம் இல்லையே அண்ணி."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

ஜூன் 16

ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரைப் பார்க்கப் போனோம். "இந்த ஆபரேஷனுக்கு இந்த ஊர்ல அவங்களை அடிச்சுக்க ஆளே இல்லை" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தால் — பூந்தொட்டி!

ஐயோ கடவுளே. பூந்தொட்டி!

பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதற்கு, ஒரு வீட்டு வாசலில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகளை ஒன்று பாக்கி இல்லாமல் முடித்து வைத்தவள். நானும் என் காலடியில் இருக்கும் வாத்தியார் பிரேக்கை மிதித்தேன், கடைசித் தொட்டிக்கு அப்புறம். அன்றிலிருந்து அதுதான் பேர். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுப்பதற்கு முன்னால், "எடுக்கலாமா, மேடம்? எடுக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டே பின்னால் ஊரை நிறுத்தி வைப்பாள். ஸ்டீயரிங்கில் கை அப்படி நடுங்கும். நாலாவது தடவைதான் லைசென்ஸ் கிடைத்தது.

அந்தக் கையில் இப்போது கத்தி.

"வாங்க மேடம்!" என்று எழுந்து நின்றாள். நின்றார். எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது காலால் தரையில் பிரேக்கைத் தேடினேன். அங்கே இல்லை.

ஜூன் 17

வேலை ஓடவில்லை. வெட்கத்தை விட்டு எழுதறேன், பயமா இருக்கு. செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு.

இத்தனை காலமும் என் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், என்ன கிறுக்குத்தனம் பண்ணினாலும், நான் மிதிப்பேன். வண்டி நிற்கும். ஆபரேஷன் தியேட்டர்ல யார் மிதிப்பாங்க? நான்தான் மயங்கிக் கிடப்பேனே!

ஜூன் 19

நர்ஸ் போனில் விவரம் சொன்னாள். ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது, பிரேக் மிதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது குலுக்காமல், மெதுவாகப் போக வேண்டுமாம்.

யாரைக் கூப்பிடுவது? இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதனாலேயே ஒருத்தரையும் நம்ப முடியவில்லை.

"நான் ஓட்டறேன்" என்றார் இவர்.

"எதை?"

"நம்ம வண்டியைத்தான். நீ சொல்லிக்கொடு."

டிரைவிங் ஸ்கூல்காரியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமும் பஸ்ஸில் போய்வந்த மனிதர். சிரிப்பதா அழுவதா?

ஜூன் 22

முதல் பாடம். குறுக்கே ஒருத்தன் போனில் பேசிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறான்.

"ஹாரன் அடிங்க."

"பாவம், ஏதோ முக்கியமா பேசிட்டிருக்கான். தொந்தரவு பண்ணணுமா?"

அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தோம். பேச்சு சுவாரசியமாகத்தான் இருந்தது.

ஜூன் 25

இன்றைக்கு இரண்டாவது கியர் வரை வந்துவிட்டார். மூன்றாவது கியர் அட்டைப்பெட்டியில் வந்த புதுச் சாமான் மாதிரி பிரிக்காமலே இருக்கிறது.

சாயங்காலம் நாத்தனாரின் கொழுந்தனார் வந்து, தனக்குக் குடலிறக்கம் வந்தபோது கட்டிய பெல்ட்டைப் பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டுப் போனார். "பொம்பளைங்களுக்கும் வருமா?" என்று போகிறபோது ஒரு சந்தேகம். "எனக்கு வந்திருக்கே" என்றேன்.

ஜூன் 26

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு ஆபரேஷன். டாக்டர் பார்க்க வந்தபோது, இவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து, கேட்டே விட்டேன்.

"இன்னும் கை நடுங்குதா?"

கையை நீட்டிக் காட்டினாள். அசையவே இல்லை.

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சா மட்டும்தான் மேடம். லைசென்ஸ் வாங்கின நாளோட சரி, இன்னைக்கும் ஆட்டோவிலதான் வர்றேன்."

எனக்கு உயிரே வந்தது. என் தொழிலுக்கு மட்டும் அவமானம்.

ஜூன் 29

எழுத முடிகிறது. அப்படியென்றால் இருக்கிறேன்.

அன்றைக்குத் தியேட்டரில் மேலே பெரிய பெரிய விளக்குகள். ஒரே குளிர். பல் கிட்டித்தது. யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் வலது காலை அழுத்திக்கொண்டே கிடந்தேன். முகமூடிக்கு மேல் இரண்டு கண்கள் குனிந்து பார்த்தன.

"எடுக்கலாமா, மேடம்?"

"மெதுவா எடும்மா" என்றேன்.

காலைத் தளர்த்தினேன் என்பது வரை ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, "அது ஆயிடுச்சு" என்றார். அப்பவும் அதுதான்!

ஜூலை 2

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்த கதையை எழுதியே தீர வேண்டும்.

"வீட்டுக்காரர் நல்லா ஓட்டுவாரா?" என்று நர்ஸ் கேட்டாள். "மெதுவா ஓட்டுவார்" என்றேன். பொய் சொல்லவில்லையே. குடலிறக்க பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். பெல்ட் உண்மையிலேயே நல்ல பெல்ட். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை முட்டைக் கூடை மாதிரி ஏற்றி இறக்கினார். எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை. பிரேக் மேல் கால் வைக்கவே இல்லை நான்.

சிக்னல் மேட்டில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. இவர் நியூட்ரலில் போட்டார், சாவியைத் திருப்பினார், திணறினார். அவன் விடாமல் அடிக்கிறான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அதை இவர் பார்த்துவிட்டார். கதவைத் திறந்து இறங்கினார்.

"சத்தம் போடாதீங்க!"

அந்தத் தொண்டையிலிருந்தா? நாலு பக்கமும் தலைகள் திரும்பின.

"உள்ள என் பொண்டாட்டி இருக்கா! கர்ப்பப்பையை எடுத்திருக்காங்க! கர்ப்பப்பை! புரியுதா? இன்னொரு தடவை ஹாரன் அடிச்சே, தொலைச்சிடுவேன்!"

ஹாரன் நின்றது. சிக்னலே நின்றது போலிருந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. மகராசன் ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கியிருக்கிறார்! அந்த ஹாரன்காரனைப் பார்த்து வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. வேறு வழியில்லை, மிதித்தேன். சுரீரென்று வலித்தது. சிரிப்பு வந்தது. அது அதைவிட வலித்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. என்னாச்சோ என்று பதறி ஓடிவந்தவரிடம், "ஹேண்ட்பிரேக்" என்று ஒரு வார்த்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நல்லவேளை, தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் போனில் சொன்னேன். திட்டிவிட்டு, "பூந்தொட்டி எதுவும் உடையலையே, மேடம்?" என்றாள்.

ஜூலை 4

நாத்தனார் போன் செய்தார். நான் படுத்திருந்ததால் இவர்தான் எடுத்தார். வாசல் கதவு திறந்திருந்தது, ஜன்னலும்.

"குடலிறக்கம் இல்லக்கா, கர்ப்பப்பை. எடுத்தாச்சு. இவ நல்லா இருக்கா. நான்தான் வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, கடைசி விஷயத்தை மட்டும் இவர் இன்னொரு தடவை சொன்னார்.