நான் அனுப்பாத பேச்சு

நேற்று உன் மகள் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "அம்மா ஒங்ககிட்டச் சேத்துரச் சொன்னாக" என்றாள். உள்ளே என் பழைய ஹெட்போன். தலையில் அழுத்தாமல் இருக்க அதன் தகட்டில் நான் சுற்றிவைத்த சின்னாளப்பட்டிச் சுங்குடித் துண்டு அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. டெலிபோன் ஆபீசில் கழித்துப் போட்டதை நீ எடுத்து வைத்திருக்கிறாய். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் யார் வெளியூருக்குப் பேசினாலும் ஆபரேட்டர்களான நம் கை வழியாகத்தான் பேச வேண்டும். புகையிலைக் கமிஷன் கடைக்காரர் ஈரோட்டைக் கேட்பார், தோல் ஷாப் ராவுத்தர் மெட்ராஸைக் கேட்பார். ஸ்விட்ச்போர்டுப் பலகையில் கம்பிக் கயிற்றைச் சொருகி இணைத்து, பேச்சு ஓடுகிறதா என்று ஒரு நொடி காது கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். நான் சேர்ந்த அன்று நீதான் சொன்னாய்: "காதுல விழுறது காதோட போயிரணும். வாய்க்கு வந்துச்சுன்னா நம்ம மனுசியே இல்லடி." அந்த ஒரு சொல்லுக்காகவே உன்னை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கஷ்டமான ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை அழுகையாக. அரிசி களைவது மாதிரிதான் அது. முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் போகும். "நீ ஒரு கிறுக்கச்சி" என்று சிரிப்பாய்.

தாய்மாமனுக்கு என்னைக் கொடுப்பதாக, அம்மா சாகும்போது அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அகரத்தில் வீட்டில் இருக்கும்போது அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை மதியம், போர்டு ஓய்ந்திருந்த நேரத்தில், ஹெட்போனோடு சேர்ந்த பேசுகுழாயில் வாயை வைத்து முணுமுணுத்துப் பார்த்தேன். சூப்பர்வைசருக்கே கேட்காத குரல்தான். ஆனால் என் பலகையிலிருந்து வெளியூர் இணைப்புக்கான உன் ட்ரங்க் பலகைக்குப் போகிற கம்பியின் ஸ்விட்சை மூட மறந்திருந்தேன். அறையின் அந்தக் கோடியில் நீ முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"அம்மாவுக்கு வாக்குக் குடுக்கயில என்னையக் கேட்டீகளா? நீங்க மகளையா வளத்தீக? அந்த வாக்கத்தான வளத்தீக!" அன்று நான் முணுமுணுத்த அது முதல் தண்ணீர். இரண்டு நாள் களைந்த பிறகு வேறு பேச்சு தேறியது: "அப்பா, மாமா நல்லவக. எனக்குத்தான் மனசு ஒப்பல. செத்த யோசிச்சுப் பாருங்க."

அதைச் சொல்லத்தான் ஞாயிறன்று அவர் முன்னால் போய் நின்றேன். அப்பா தோட்டத்து மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "நீ ஒண்ணும் பேச வேணாம் ஆத்தா. வெள்ளிக்கிழம ஒன் சிநேகிதி வந்து எல்லாத்தயும் சொல்லிருச்சு. நான் மகள வளக்கல, வாக்கத்தான் வளத்தேன்னு. கல்யாணத்த நிப்பாட்டியாச்சு."

ஒரு வார்த்தை மாறவில்லை. நான் கீழே ஊற்றிய கழுநீரை நீ ஏந்திக்கொண்டுபோய் அவருக்குக் குடிக்கக் கொடுத்திருந்தாய். "நான் அப்படிச் சொல்லல அப்பா" என்றேன். சொல்லியிருந்தேனே! அந்தப் பொய் என் முகத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் இருந்த ஒன்பது வருஷமும் சோறு, தண்ணீர், மழை தவிர என்னிடம் அவருக்குப் பேச்சில்லை.

உன்னிடம் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "கல்யாணம் நின்னுச்சா இல்லியா? ஒனக்கு வாய் வராதுன்னுதானடி நான் போனேன்." நல்லது செய்தவளின் தெளிவு உன் முகத்தில். அதுதான் என்னை எரித்தது. அன்றைக்கு என் இடத்தைச் சுவரோரம் மாற்றிக்கொண்டேன். ரிட்டயராகிறவரை ஒரே அறையில் இருந்தும் "மதுரை குடு", "லைன் பிஸி" என்பதற்கு மேல் உன்னிடம் நான் பேசவில்லை. அப்பா எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். அது அப்போது தெரியவில்லை.

நேற்று மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உனக்குச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை வந்தவை எழுதத் தகாதவை. இரண்டாம் தடவை, போகட்டும், மன்னித்துவிட்டேன் என்று வந்தது. அது பொய், அதையும் கழித்துவிட்டேன். மூன்றாவதாக வந்தது இது: நீ எனக்குத் துரோகம் செய்தாய், என் மனசு உன்னைத் தேடுகிறது. இரண்டையும் நானே தேர்ந்து, என் வாயால் சொல்கிறேன். அப்பாவிடம் இப்படிச் சொல்ல என்னை நீ விடவில்லை.